தத்தெடுப்பு: ஹோம் ஸ்டடிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், என்ன தயார் செய்யணும்?

பாலக்கோடு_மலர்:

வணக்கம். தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்புப் பதிவுத் தளமான காரிங்ஸில் பதிவு செய்து, ஆவணங்களை ஏற்றி முடித்துவிட்டோம். தத்து நிறுவனத்திலிருந்து சமூகப் பணியாளர் ஹோம் ஸ்டடிக்கு, அதாவது வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து அறிக்கை எழுத, இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு 34 வயது, வீட்டுக்காரருக்கு 39. அவர் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்டு முறை. ஊரில் கொஞ்சம் மாந்தோப்பு, பட்டுப்புழு மனை. மாமியார் எங்களோடு இருக்கிறார். வீடு பழைய ஓட்டு வீடு, கக்கூஸ் வெளியே தனியாக. பின்பக்கம் கிணறு. பெயின்ட் அடித்து, குழந்தைக்குக் கட்டில், பீரோ எல்லாம் வாங்கி வைக்கலாமா என்று அவர் கேட்கிறார். ஓட்டு வீடு என்றால் தள்ளிவிடுவார்களா? என்ன கேள்வி கேட்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓசூர்_சமூகப்பணி:

மலர், முதலில் பெயின்ட் வாளியைக் கீழே வையுங்கள். ஓட்டு வீடு, வாடகை வீடு, ஒற்றை அறை, இவை எதுவும் தகுதிக் குறைவு இல்லை. வருகிறவர் பார்ப்பது வீட்டின் விலையை அல்ல. ஒரு குழந்தை அங்கே பாதுகாப்பாகத் தவழ முடியுமா, நடக்க முடியுமா, தூங்க எங்கே இடம் என்பதைத்தான்.

உங்கள் வீட்டில் முதல் வேலை கிணறு. நம் பக்கம் தோட்டத்துக் கிணறு பாதிக்கு மேல் கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரையோடு தரையாக இருக்கும். சுற்றுச்சுவர் கட்ட நேரமில்லை என்றால் இரும்பு வலையோ கம்பிக் கதவோ போட்டுப் பூட்டு மாட்டுங்கள். நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினால் தடுப்பு ஆகாது, அடியில் புகுந்து போய்விடும். தண்ணீர்த் தொட்டி, சம்ப் இருந்தால் மூடி கனமாக இருக்கிறதா, தூக்க முடியாதபடி தாழ் இருக்கிறதா பாருங்கள். தவழும் குழந்தை ஒரு வாளித் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். பாத்ரூமில் வாளியை நிரப்பி வைக்கும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்.

இரண்டாவது, பட்டுப்புழு மனை. மனையைச் சுத்தப்படுத்த வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர், பார்மலின், மாந்தோப்பு மருந்து டப்பா, ஸ்பிரேயர் எல்லாம் ஒரே பூட்டிய அறைக்குள் போகட்டும். வீட்டுக்குள் அலமாரி உயரத்தில் வைத்தால் போதாது. மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள். பார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், அதனால் மனையில் தெளிக்கும் நாளில் குழந்தை எங்கே இருக்கும், யார் பார்ப்பார் என்று யோசித்து வையுங்கள். இந்தக் கேள்வியை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொன்னால், முன்யோசனை இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்.

மூன்றாவது, குடிதண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த விஷயம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குழந்தைக்குப் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேட்டால் தயங்காமல் பதில் வரணும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, கிருமி மட்டும்தான் போகும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் மூடிய பாத்திரத்தில் பிடித்து வைத்துக்கொள்வது சுலபமான வழி.

வெளியே கக்கூஸ் இருப்பதில் தப்பில்லை. அதற்குக் கதவு, தண்ணீர், ராத்திரி போக வெளிச்சம் இருந்தால் சரி. மாடிப்படிக்குக் கைப்பிடி, தாழ்வான பிளக் பாயிண்டுக்கு மூடி, கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை இரவில் அணைக்கும் பழக்கம், இவற்றையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கட்டில் வாங்காதீர்கள். நீங்கள் குறித்திருக்கும் வயதில் எந்தக் குழந்தை எப்போது வரும் என்று தெரியாது. காத்திருப்பு மூன்று வருடத்துக்கு மேல் போவது சகஜம். வாங்கிய தொட்டில் மூலையில் கிடந்தால் உங்களுக்குத்தான் மனக்கஷ்டம். குழந்தை படுக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டினாலே போதும்.

---

கோப்புக்காரர்:

வீட்டைப் பற்றி ஓசூர்க்காரர் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். தளத்தில் ஏற்றியாகிவிட்டதே என்று நினைக்காதீர்கள், வருகிறவர் அசலைக் கேட்பார். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை: குடும்பப் புகைப்படம், இருவர் பான் அட்டை, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, திருமணச் சான்று, கடந்த ஆண்டு வருமானச் சான்று, இருவருக்கும் தனித்தனி மருத்துவச் சான்று, உறவினர் அல்லது நண்பர் இருவரின் பரிந்துரைக் கடிதம். வீட்டில் ஏற்கெனவே குழந்தை இருந்து அதற்கு ஐந்து வயது தாண்டியிருந்தால் அதன் சம்மதமும். தனியாகத் தத்தெடுப்பவர் என்றால், தனக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஒரு உறவினர் எழுதித் தரும் உறுதிமொழியும் வேண்டும்.

இதில் தகராறு வரும் இடங்கள் மூன்று.

ஒன்று, இனிஷியல். ஆதாரில் கு. செல்வம், பானில் குப்புசாமி செல்வம், பள்ளிச் சான்றில் கே. செல்வம். மனைவி ஆதாரில் இன்னும் அப்பா பெயரும் பிறந்த வீட்டு முகவரியும் இருக்கும். நமக்கு இது சாதாரணம், கோப்பைப் படிப்பவருக்கு மூன்று ஆள். பிறகு தத்து ஆணைக்காக இதே கோப்புதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போகும், அங்கே இது பெரிய தடையாகிவிடும். நேரம் இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள். இல்லையென்றால் மூன்று பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் ஒன்று எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இரண்டு, பிறந்த தேதி. ஆதாரில் ஜனவரி 1, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வேறு. தத்தெடுப்பில் வயது முக்கியம்: தம்பதியின் வயதைக் கூட்டினால் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு 85, இரண்டிலிருந்து நான்கு வரை 90, நான்கிலிருந்து எட்டு வரை 100, எட்டுக்கு மேல் 110 என்பது உச்சம். தனியாள் என்றால் முறையே 40, 45, 50, 55. கூடவே குழந்தைக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 25 வயதாவது இடைவெளி வேண்டும். உங்களுக்கு 34ம் 39ம் சேர்த்து 73, கவலை இல்லை. ஆனால் தேதி இரண்டு விதமாக இருந்தால் கேள்வி வரும்.

மூன்று, வருமானம். இது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. ஸ்காலர்ஷிப்புக்கோ வேறு சலுகைக்கோ இ-சேவையில் வாங்கிய பழைய சான்றில் வருடத்துக்கு 72,000 என்று இருக்கும். நேரில் பேசும்போது மாதம் முப்பதாயிரம் வருகிறது என்பார்கள். எது உண்மை? கம்பெனிச் சம்பளம் இருப்பதால் உங்களுக்குச் சம்பளச் சீட்டும் பாங்க் பாஸ்புக்கும் போதும். தோட்ட வருமானத்தைத் தனியாகச் சொல்லுங்கள்: பட்டா, சிட்டா, அடங்கல், பட்டுக்கூடு விற்ற ரசீது, பால் சொசைட்டி புத்தகம் எது இருக்கிறதோ அது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் கூட்டுப் பட்டா என்றே சொல்லுங்கள். கடனையும் மறைக்க வேண்டாம். நகைக் கடன், டிராக்டர் கடன் இருப்பதால் யாரையும் தள்ளுவதில்லை. கேட்டபோது இல்லை என்றுவிட்டு பாஸ்புக்கில் தவணை பிடித்தம் தெரிந்தால்தான் சிக்கல்.

ஆய்வுக் கட்டணம் 6,000 ரூபாய். ரசீது வாங்குங்கள். நன்கொடை, அன்பளிப்பு என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, அது விதிக்குப் புறம்பு. மாம்பழக் கூடை ஏற்றிவிடுவதும் வேண்டாம். காபி, டிபன் கொடுங்கள், அது நம் மரியாதை, அத்தோடு போதும்.

---

ஊத்தங்கரை_2:

குறுக்கே ஒரு கேள்வி சார். நாங்கள் இன்னும் பதிவே செய்யவில்லை. கல்யாணம் கோயிலில் நடந்தது, ரிஜிஸ்டர் செய்யவில்லை, எட்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரிக்கு சுகரும் இருக்கிறது. முடியுமா?

---

கோப்புக்காரர்:

முடியும். தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு 150 நாளுக்குள் பதிந்திருக்கணும். அது தாண்டிவிட்டது. ஆனால் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பத்திரிகை, கோயில் ரசீது அல்லது கல்யாண போட்டோ, இருவர் ஆதார், வயதுச் சான்று, சாட்சிகள் அவர்களின் அடையாள அட்டையோடு. பத்திரிகையைத் தொலைத்துவிட்டால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், இரண்டு நடை மிச்சம். இதை முடித்துவிட்டு தளத்தில் பதியுங்கள். பதிந்த பிறகு ஆவணம் ஏற்ற 30 நாள்தான் அவகாசம்.

சுகர் விஷயம்: மருத்துவச் சான்றின் வாசகம் தீராத நோய், தொற்றுநோய், உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை என்று இருக்கும். சுகரோ பிரஷரோ கட்டுப்பாட்டில் இருந்தால் டாக்டர் அதை அப்படியே குறிப்பிட்டு, மருந்தில் கட்டுப்பாட்டில் உள்ளது, குழந்தை வளர்க்கும் உடல்நிலையில் இருக்கிறார் என்று எழுதித் தரட்டும். எதுவும் இல்லை என்று எழுதி வாங்கி, வீட்டு மேஜையில் இன்சுலின் பேனா கிடந்தால் அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு? ரத்தப் பரிசோதனை, ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, நெஞ்சு எக்ஸ்ரே முடிவுகளைச் சேர்த்து வைத்தால் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

---

பாலக்கோடு_மலர்:

ரொம்ப நன்றி. கிணற்றுக்கு வலை போட இன்றே ஆள் சொல்லிவிட்டோம். கோப்புக்காரர் சார் சொன்னபடி என் ஆதாரில் அப்பா பெயர்தான் இருக்கிறது, பிரமாணப் பத்திரம் எடுத்துவிடுகிறோம்.

இப்போது உண்மையான பயத்தைச் சொல்கிறேன். மாமியாருக்கு அரை மனசுதான். "தம்பி குழந்தையைக் கேட்டு வாங்கிக்கலாமே, எங்கேயோ இருந்து எதுக்கு" என்கிறார். அவரை அன்று சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? குழந்தையிடம் பிற்பாடு சொல்லப் போகிறீர்களா என்று கேட்டால் என்ன பதில்? அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்களா?

---

அரூர்_அக்கா:

மலர் கண்ணு, மாமியாரை அனுப்பாதே. ஒரே வீட்டில் இருப்பவர் ஆய்வு நாளில் மட்டும் காணோம் என்றால் அதுவே முதல் கேள்வியாகிவிடும், அப்புறம் அவரைப் பார்க்க இன்னொரு தடவை வருவார்கள். அவர் அரை மனசாக இருப்பதை மறைக்கவும் வேண்டாம். ஆய்வில் பெரியவர்களின் மனநிலையைக் கேட்டு எழுத இடம் இருக்கிறது. "அத்தைக்கு இன்னும் தயக்கம் இருக்கு, சாதி, சொத்து பற்றிப் பயம், பேசிட்டு இருக்கோம்" என்று நீயே சொன்னால், குடும்பம் இதைப் பேசியிருக்கிறது என்று தெரியும். எல்லாரும் பூரண சம்மதம் என்று நீ சொல்லி, உள்ளறையிலிருந்து அவர் வேறு சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

அவருக்கு வரும் சந்தேகம் பெரும்பாலும் சொத்துதான். சட்டப்படி தத்து ஆணை கிடைத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை உங்கள் வயிற்றில் பிறந்த குழந்தைக்கு உள்ள எல்லா உரிமையும் பெறும். இதை ஆய்வுக்கு முன்னாடியே அவரிடம் தெளிவாகப் பேசிவிடு, புதுசாக அன்று கேட்டு அதிர்ச்சி ஆகக் கூடாது. தம்பி குழந்தை என்பது உறவுமுறைத் தத்து, அதற்குப் பாதையே வேறு. அந்த எண்ணம் இருந்தால் முதலில் அதை வீட்டுக்குள் முடிவு செய்துவிட்டு இந்த ஆய்வுக்கு உட்காருங்கள். இரண்டு தோணியில் கால் வைத்தவர்கள் என்று தெரிந்தால் அறிக்கை நிற்கும்.

கேள்விகள் எப்படி இருக்கும்? ரெண்டு பேரையும் சேர்த்து வைத்தும் பேசுவார், தனித்தனியாகவும் பேசுவார். ஏன் தத்து என்று ரெண்டு பேரிடமும் தனியாகக் கேட்பார். "வயசான காலத்தில் பார்த்துக்க ஆள் வேணும்", "ஊர் பேச்சு நிக்கணும்", "இதை எடுத்தா நமக்கும் ஒண்ணு பிறக்கும்னு சொன்னாங்க" இந்த மூன்றில் ஒன்று உள்ளே இருந்தால் முதலில் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டியூப் சிகிச்சை இன்னும் நடக்கிறதா, நிறுத்தியாச்சா, அந்த வருத்தம் ஆறியிருக்கிறதா என்பதும் வரும். இது துருவுவதற்காகக் கேட்பதல்ல. சிகிச்சை பாதியில் இருக்கும்போது குழந்தை வந்தால், பிறகு கர்ப்பம் தரித்தால், தத்தெடுத்த குழந்தையின் இடம் என்ன என்பதுதான் அவர் கவலை.

வீட்டுக்காரர் நைட் ஷிப்டு போகும் வாரம் குழந்தை அழுதால் யார் எழுந்திருப்பார்கள், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், வண்டி என்ன, குழந்தை வந்ததும் உனக்கு ஆறு மாதம் வீட்டில் இருக்க முடியுமா. இவற்றுக்குத் திட்டமான பதில் வேண்டும். "பார்த்துக்கலாம்" என்பது பதில் இல்லை. அடிப்பீர்களா என்றும் கேட்பார். "நாங்க எல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று உன் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடப் போகிறார், முன்கூட்டியே பேசி வை. குடிப்பழக்கம் பற்றியும் கேட்பார், அதிலும் பொய் வேண்டாம்.

குழந்தையிடம் சொல்வது பற்றி: சொல்வோம் என்பதுதான் சரியான பதில், ஆனால் அதை மனப்பாடமாகச் சொல்லாதே. எப்போது, எப்படி என்று யோசித்திருக்கணும். மூன்று நான்கு வயதிலேயே கதை மாதிரி "நீ எங்க வீட்டுக்கு வந்த நாள்" என்று ஆரம்பித்து, வளர வளர விவரம் சேர்ப்பதுதான் நல்லது. கிராமத்தில் இது ரகசியமாக இருக்கவே முடியாது. பத்து வயதில் பம்புசெட்டில் குளிக்கும்போது வேறு பையன் வாயிலிருந்து கேட்பதைவிட உன் மடியில் கேட்பது மேல். "எங்க குழந்தை, எதுக்கு சொல்லணும்" என்று யாராவது பதில் சொன்னால் சமூகப் பணியாளர் அங்கே பேனாவை நிறுத்தி நீண்ட நேரம் பேசுவார்.

பக்கத்து வீட்டில் விசாரிப்பது நடக்கலாம். உன் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களுக்கும் போன் போகலாம். அவர்களிடம் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைவுபடுத்து. டைப் செய்து கையெழுத்து மட்டும் வாங்கினால் போனில் திணறுவார்கள்.

---

ஓசூர்_சமூகப்பணி:

அக்கா சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து: "சரியான பதில்" என்று எதையும் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஹோம் ஸ்டடி படிவத்தின் முதல் பகுதி நீங்களே நிரப்பும் சுயமதிப்பீடு, இரண்டாவது பகுதிதான் சமூகப் பணியாளரின் கணிப்பு. முதல் பகுதியை இணையத்தில் யாரோ எழுதியதைப் பார்த்து நிரப்பினால், அதே வாக்கியம் பத்துக் கோப்பில் பார்த்தவருக்கு உடனே தெரியும். கணவன் மனைவி தனித்தனி வெள்ளைத்தாளில் முதலில் எழுதிப் பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். பெண் குழந்தையா, ஆணா, எத்தனை வயது, சின்னக் குறைபாடு இருந்தால் ஏற்பீர்களா என்பதில் இருவரும் வேறு வேறு எழுதியிருந்தால் அன்று இரவே பேச வேண்டிய விஷயம் அதுதான். தளத்தில் ஒன்று குறித்து, நேரில் வேறு சொன்னால் அறிக்கை தாமதமாகும். சாதி, நிறம் கேட்டுக் குழந்தை தேர்ந்தெடுக்க வழியே கிடையாது, அதை நேரில் கேட்டும் விடாதீர்கள்.

ஷிப்டு விஷயம்: வருகை நாளில் வீட்டுக்காரர் பகல் முழுக்க இருக்கணும். நைட் முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்தால் ஒற்றை வார்த்தையில் பதில் வரும், அது ஆர்வமில்லாதது போலத் தெரியும். லீவு போடச் சொல்லுங்கள்.

ஆவணங்கள் கொடுத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அறிக்கை தளத்தில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுவனத்தைக் கேளுங்கள், பதில் இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சொல்லுங்கள். தகுதியில்லை என்று வந்தால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும், அதை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. காரணம் கேட்காமல் வீட்டில் உட்கார்ந்து அழுவது வேண்டாம்.

---

கிருஷ்ணகிரி_வாசு:

இவ்வளவு சுத்துக்கு எதுக்குங்க? நம்ம மாவட்டத்துலதான் தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கே. நேரா அங்கே கேட்டாலோ, ஆஸ்பத்திரியில தெரிஞ்ச நர்ஸ் மூலமாவோ வாங்கிட முடியாதா?

---

கோப்புக்காரர்:

வாசு, முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில் தொடங்கியது, 2001ல் தர்மபுரிக்கும் வந்தது. அங்கே ஒப்படைக்கப்படும் குழந்தையும் குழந்தைகள் நலக் குழு முன் போய், தத்துக்குச் சட்டப்படி தடையற்றது என்று அறிவிக்கப்பட்ட பிறகே இதே தளத்துக்கு வரும். பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தால் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. வரிசை எல்லாருக்கும் ஒன்றுதான். நர்ஸ் மூலம், புரோக்கர் மூலம் வாங்குவது இளைஞர் நீதிச் சட்டம் 80ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம் அல்லது இரண்டும். பணம் கைமாறினால் 81ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை, ஒரு லட்சம் அபராதம். குழந்தையையும் பிறகு எடுத்துக்கொள்வார்கள். யாராவது இப்படி விலை பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

மலருக்கு கடைசியாக ஒன்று. ஹோம் ஸ்டடி அறிக்கை மூன்று வருடம்தான் செல்லும். காத்திருப்பு அதைத் தாண்டினால் புதுப்பிக்கணும், முடிய சில மாதம் முன்பே நிறுவனத்துக்கு எழுதுங்கள், முடிந்த பிறகு போய் நிற்காதீர்கள். நடுவில் ஓசூருக்கே வீடு மாறினாலோ, வேலை மாறினாலோ, கர்ப்பம் ஆனாலோ, வீட்டில் ஒருவர் இறந்தாலோ உடனே தெரிவியுங்கள். போன் நம்பரை மாற்றினால் தளத்தில் அன்றே திருத்துங்கள். குழந்தையின் விவரம் வந்தபின், அந்தக் குழந்தையை உங்களுக்காகத் தளத்தில் ஒதுக்கி வைக்க 48 மணி நேரம்தான். பழைய நம்பருக்கு மெசேஜ் போய்க் கைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

---

பாலக்கோடு_மலர்:

நம்பர் இன்னும் அவருடைய பழைய கம்பெனி சிம்தான் அதில் இருக்கிறது. இப்போதே மாற்றிவிடுகிறேன்.